எட்டாவது வருஷம்

அந்த மனுவில் என் கையெழுத்து பத்தொன்பதாவது. ஆம்பூருக்குப் பக்கத்தில், ஷூவின் மேல்தோலைத் தைக்கும் தொழிற்சாலை ஒன்றில் நான் சேர்ந்து அப்போது மூன்றாவது வருடம். மதியச் சாப்பாட்டு நேரத்தில், கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள் ஒன்று டிபன் பாக்ஸ்களுக்கு நடுவே கைமாறிக் கைமாறி என்னிடம் வந்தது. எங்கள் தையல் லைனில் கொலை வழக்கில் ஜெயிலுக்குப் போய் வந்தவளைச் சேர்த்திருக்கிறார்கள், பெண்களாகிய எங்களுக்குப் பயமாக இருக்கிறது, அவளை நிறுத்த வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. புளிச்சோறு ஒட்டியிருந்த விரலை யூனிபார்ம் கோட்டில் துடைத்துவிட்டு நானும் போட்டேன். பெரிதாக யோசிக்கவில்லை. எனக்கு முன்னால் பதினெட்டுப் பேர் போட்டிருந்தார்கள். அது போதுமானதாக இருந்தது.

மனு யாரைப் பற்றியதோ அவள் சாப்பாட்டுக் கூடத்தின் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். இடது கையைத் தட்டைச் சுற்றி வளைத்து வைத்துக்கொண்டு, யாரோ பிடுங்க வருவதுபோல வேகமாகச் சாப்பிட்டாள். நாங்கள் பாதி முடிப்பதற்குள் அவள் தட்டைக் கழுவி முடித்திருந்தாள். ஒடுகத்தூர்ப் பக்கம் என்பதால் எங்களுக்குள் அவளை ஒடுகத்தூர்க்காரி என்றோம். அவள் பெயரைக் கேட்க வேண்டும் என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

அவளை எடுத்தவர் எங்கள் சூப்பர்வைசர் அக்கா. நான் இங்கே நினைத்துப் பார்ப்பது அவரைத்தான். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, நூல் பிசிறு வெட்டும் வேலைக்கு வந்து, இருபது வருடத்தில் அறுபது மெஷின்கள் உள்ள ஒரு லைனுக்குப் பொறுப்பாளராக உயர்ந்தவர். ஒல்லியான உடம்பு. சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஒரு ஜோடியைக் கையில் வாங்கி, தையலைக் கட்டைவிரலால் தடவியே எந்த மெஷினில் யார் தைத்தது என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவார், ஆனால் எங்களிடம் சாமி பேச்சு பேசமாட்டார். அவருடைய கணவர் ஒரு பக்கம் கைகால் விழுந்து வீட்டோடு இருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வீடு அவர் ஒருவர் சம்பளத்தில் நின்றது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

நேர்காணலில் ஒடுகத்தூர்க்காரி எதையும் மறைக்கவில்லை. விண்ணப்பத்தில் ஏழு வருடம் வெறுமையாக இருந்ததைப் பார்த்து அக்கா கேட்டிருக்கிறார். கணவனின் அண்ணனோடு கிணற்று மோட்டார் விஷயமாகத் தகராறு, அவன் எட்டி உதைத்தான், கையில் கிடைத்த மண்வெட்டிக் காம்பால் அடித்தேன், வேலூர் ஆஸ்பத்திரியில் மூன்றாம் நாள் இறந்துவிட்டான் என்று அவள் சொல்லியிருக்கிறாள். சும்மாதான் அடித்தேன் என்றோ, தெரியாமல் நடந்தது என்றோ சொல்லவில்லை. உள்ளே தையல் பழகினேன் என்று ஒரு சான்றிதழை நீட்டியிருக்கிறாள். அக்கா அதை ஓரமாக வைத்துவிட்டு அவளை மெஷினில் உட்கார வைத்து ஒரு ஜோடி தைக்கச் சொன்னார். தையல் நன்றாக இருந்தது. எடுத்துக்கொண்டார்.

மனு மேலே போனதும், மனிதவளப் பிரிவு மேலாளர் அக்காவையும் எங்களில் மூன்று பேரையும் கூப்பிட்டார். அந்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. மேலாளர் நல்ல மனிதர், யாரையும் கடிந்து பேசாதவர். ஃபேன் காற்றில் பறக்காமல் இருக்க மனுவின் மேல் விரலை அழுத்திக்கொண்டு, மேடம், எனக்கே பேஜாரா இருக்கு, நாற்பத்திரண்டு பேர் போட்டிருக்காங்க, வெளிநாட்டு ஆர்டர் நேரம், லைன் நின்றால் நான் இன்னா பதில் சொல்வது என்று கேட்டார். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். அவளை நிறுத்த வேண்டாம், பசை தடவும் மூலையில் தனியாக உட்கார வைக்கலாம், கையில் கத்திரிக்கோல் மட்டும் தர வேண்டாம்.

எங்கள் வேலையில் கத்திரி இல்லாமல் ஒன்றும் நடக்காது. ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னக் கத்திரி நூல் கயிற்றில் கட்டித் தொங்கும். தைத்து முடித்த ஒவ்வொரு துண்டிலும் பிசிறை வெட்டித்தான் அடுத்தவளுக்குத் தள்ளவேண்டும். எனக்கு மேலாளர் சொன்னது நியாயமாகவே பட்டது. அக்கா மனுவை ஒருமுறை பார்த்தார். பிறகு, “சார், அவ தைக்கறவ. கத்திரி குடுக்காம உக்கார வெச்சா இங்கயும் அது ஜெயில் தான்” என்றார். “அவளால ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா எங்க ரெண்டு பேரையும் சேத்து அனுப்பிடுங்க. இப்பவே எழுதித் தர்றேன்.”

மேலாளர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அக்கா அவர் மேஜையிலிருந்தே ஒரு தாளை எடுத்து, நின்றபடியே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பேனாவை மூடியபிறகு இரண்டு முறை விரலை மடக்கி நீட்டினார். அவர் வீட்டு நிலைமை எங்களுக்குத் தெரியும். எங்கள் மூன்று பேராலும் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

வெளியே வராந்தாவுக்கு வந்ததும் எங்கள் பக்கம் திரும்பினார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். சாதாரணமாகத்தான் கேட்டார்.

“ஜட்ஜ் ஏழு வருஷம்னு எழுதினாரு. அவ ஏழு வருஷமும் இருந்துட்டு வந்துட்டா. எட்டாவது வருஷத்த எழுத நமக்கு யாரு அதிகாரம் குடுத்தாங்க?”

மூன்று பேரும் மெஷினுக்குத் திரும்பினோம். அதற்காக மனம் மாறிவிட்டோம் என்றும் சொல்லமாட்டேன். அடுத்த வாரமே இரண்டு பெண்கள் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார்கள். அக்கா ஒடுகத்தூர்க்காரியை என் பக்கத்து மெஷினில் உட்கார வைத்தார். என்னைத் தண்டிக்கத்தான் அப்படிச் செய்தார் என்று நான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவள் கத்திரியை எடுக்கும்போதெல்லாம் என் முதுகு தானாக விறைத்துக்கொள்ளும்.

பக்கத்தில் இருந்தால் பார்க்காமல் இருக்க முடியுமா? பார்க்கப் பார்க்க எனக்குப் புதிதாக ஒன்று புரிந்தது. சூப்பர்வைசரோ மேலாளரோ லைனில் நடந்து வந்தால் அவள் சட்டென்று எழுந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். தண்ணீர் குடிக்கவா என்று என்னிடம் கேட்பாள். காலையில் வருகை எடுக்கும்போது பெயரைக் கூப்பிட்டால் உடனே பதில் வராது. பல வருடம் எண்ணிக்கையில் ஒருத்தியாகவே நின்று பழகியவளுக்குத் தன் பெயர் காதில் விழ ஒரு நிமிடம் ஆனது. எல்லாவற்றையும்விட அந்தக் கதவு. கழிவறைக்குப் போகும் வராந்தாவில் ஒரு கதவு உண்டு. தாழ்ப்பாள் இல்லாதது, தள்ளினால் திறக்கும். ஒருநாள் நான் போனபோது அவள் அதன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டேன். இல்லை என்றாள். பின்னே இன்னாத்துக்கு நிக்கறே என்றேன். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. யாராவது வந்து திறக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். முகம் சிவந்து, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கதவைத் தள்ளித் திறந்தேன்.

ஜெயில் எதற்கு என்று அதற்குமுன் நான் யோசித்ததே இல்லை. தப்பு செய்தவர்களை அடைக்கிற இடம், அவ்வளவுதான். அன்றிலிருந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் அதே நினைப்பு. நம்மைக் காப்பாற்றுவதற்கா, செய்தவரை வருத்துவதற்கா, இல்லை திருத்துவதற்கா? மூன்றுக்கும்தான் என்றால், ஒன்று இன்னொன்றைக் கெடுத்துவிடாதா? உள்ளே இருந்தபோது யாரோ ஒருவர் பொறுமையாக அவளுக்குத் தையல் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அது உண்மை, அந்தத் தையலில்தான் இன்று அவள் சாப்பிடுகிறாள். அதே ஏழு வருடம்தான் ஒரு கதவைத் தானே தள்ளலாம் என்பதை அவள் கையிலிருந்து எடுத்துக்கொண்டது. இறந்துபோனவனுக்கும் ஒரு தாய் இருக்கிறாள். அவளுக்கு இந்த ஏழு வருடம் எதைத் திருப்பிக் கொடுத்தது? எனக்கு இன்றுவரை முழுதாக விடை தெரியாது.

இரண்டு மாதம் கழித்து, ஒருநாள் வேலை முடிந்து பஸ்ஸுக்கு நின்றபோது, மனுவில் நானும் கையெழுத்துப் போட்டேன் என்று அக்காவிடம் சொன்னேன். மேலாளர் அறைக்கு என்னையும் கூப்பிட்டதில் அது தெரிந்த விஷயம்தான். ஆனாலும் என் வாயால் சொல்ல வேண்டும் என்றிருந்தது. “தினமும் புரொடக்‌ஷன் ஷீட்ல பாக்கற கையெழுத்து, எனக்குத் தெரியாதா?” என்றார். கோபம் இல்லை. பஸ் வர நேரமிருந்தது. உங்களுக்கு எப்படி இவ்வளவு இரக்கம் என்று கேட்டேன். இரக்கம் என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. அப்போதுதான் தன் தம்பியைப் பற்றிச் சொன்னார்.

அக்காவின் ஒரே தம்பியைக் கொன்றது அவனோடு கூடவே திரிந்த தோஸ்த். டீக்கடையில் பைக் சாவிக்காகத் தொடங்கிய விளையாட்டுச் சண்டை, கத்தியில் முடிந்தது. கொன்றவனுக்குத் தண்டனை கிடைத்தது. அக்கா ஒரு வாய்தாவைக்கூட விடாமல் கோர்ட்டுக்குப் போயிருக்கிறார். தீர்ப்பு சொன்ன அன்றைக்குத்தான் வீட்டில் ஒழுங்காகச் சாப்பிட்டோம் என்றார். ஒன்பது வருடம் கழித்து அவன் வெளியே வந்தான். தோல் பதனிடும் ஷாப்புகளில் கேட்டான், லாரி ஷெட்டுகளில் கேட்டான், வேலூர் லாங் பஜாரில் மூட்டை தூக்கக்கூடக் கேட்டுப் பார்த்தான். யாரும் சேர்க்கவில்லை. அவன் கேட்டுப் போன இடங்களில் ஒன்று அக்காவுக்குத் தெரிந்தவர்களுடையது. அவர்கள் அக்காவிடம் கேட்டார்கள். சேர்க்காதீர்கள் என்று அக்காதான் சொன்னார்.

“நான் தான் சொன்னேன்” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டுச் சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வருடம் இப்படி அலைந்தவனைக் கடைசியில் சேர்த்துக்கொண்டது ஒரு அடிதடிக் கூட்டம்தான். அவர்களோடு போய், பள்ளிகொண்டாவில் முன்பின் தெரியாத ஒரு ஆளை வெட்டிவிட்டான். அந்த ஆள் பிழைத்துக்கொண்டார், ஆனால் வலது கை விளங்காமல் போனது. செய்தி கேள்விப்பட்டபோது தனக்கு முதலில் சந்தோஷம்தான் வந்தது என்றார் அக்கா. இனிமேல் அவன் வெளியே வரமாட்டான் என்ற சந்தோஷம். பிறகு ஏதோ உறுத்தி, அந்த வீட்டைத் தேடிப் போயிருக்கிறார். கட்டில் மேல் உட்கார்ந்திருந்த அந்த ஆளுக்கு அவர் மனைவி சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். அக்கா யாரென்று சொல்லாமல், வாங்கிப் போன பழத்தை வைத்துவிட்டு வந்துவிட்டார்.

“அவன் மேல எனக்கு இரக்கம் கிடையாது. என் தம்பி போனது போனதுதான். ஆனா அந்தப் பொம்பள ஊட்டறத பாத்தேன் பாரு, அதுல எனக்கும் பங்கு இருக்கு. இனிமே இன்னொரு வீட்ல அது நடக்கக் கூடாது. அதுக்கு நான் இன்னா செய்ய முடியும்? என் கையில ஒரு லைன் இருக்கு. வேலை தெரிஞ்சவளுக்கு ஒரு மெஷின் குடுக்க முடியும்.”

பஸ் வந்துவிட்டது. ஏறி, வழக்கம்போல முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்வரை நான் அவர் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன். இத்தனை நாளும் இந்தப் பெண்ணுக்குக் கீழேயா வேலை செய்திருக்கிறேன் என்று பெருமைப்பட்டேன். நான் சாதித்தது ஒன்றுமில்லை, ஆனாலும் எனக்கே ஒரு பட்டம் கொடுத்ததுபோல இருந்தது.

ஒடுகத்தூர்க்காரி எப்போது எங்களுக்கு ஒடுகத்தூர் அக்கா ஆனாள் என்று நாள் குறித்துச் சொல்ல முடியாது. பெரிய சம்பவம் எதுவும் நடக்கவில்லை. என் மகளுக்கு அம்மை போட்டிருந்த வாரம் என் பங்கையும் சேர்த்துத் தைத்துத் தள்ளினாள். சாப்பாட்டுக் கூடத்தில் ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள், அடுத்த மாதம் இன்னொருத்தி தன் குழம்பை ஊற்றினாள். கடைசிவரை அவளோடு உட்காராதவர்களும் உண்டு. அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை. தட்டைச் சுற்றியிருந்த கை மட்டும் மெல்ல மெல்ல மேஜையிலிருந்து இறங்கியது.

அவளுக்கு ஒரு மகள் இருந்தாள். கணவன் வேறு கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டதால் மாமியாரிடம், அதாவது இறந்தவனின் தாயிடமே அந்தப் பெண் வளர்ந்தாள். ஒடுகத்தூர் அக்கா மாதம் ஒரு கடிதம் போடுவாள். ஒன்றுக்கும் பதில் வராது. நீங்கள் ஒருமுறை போய் அந்த அம்மாளிடம் பேசக்கூடாதா என்று சூப்பர்வைசர் அக்காவிடம் கேட்டேன். அவர் மறுத்துவிட்டார். மகனைப் பறிகொடுத்தவர் வாசலில் போய் நின்று நியாயம் பேச எனக்கு யோக்கியதை இல்லை, அவர் கதவு அவருக்குத் தோன்றும்போது திறக்கட்டும் என்றார். அந்த மறுப்பும் எனக்குப் பெரிதாகப் பட்டது. அடிபட்டவரிடம் போய் மன்னித்துவிடு என்று சொல்வது வெளியே நிற்பவர்களுக்கு எவ்வளவு எளிது.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அந்தப் பெண் தானாகவே வந்தாள். சனிக்கிழமை, ஷிப்ட் முடிகிற நேரம், கேட்டுக்கு வெளியே கல்லூரி விண்ணப்பத்தைச் சுருட்டிப் பிடித்தபடி நின்றாள். ஒடுகத்தூர் அக்காவுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளைத் தாண்டிப் பத்தடி போனபிறகுதான் திரும்பிப் பார்த்தாள். பெற்றோர் கையெழுத்து வேண்டும், பாட்டி உன்னிடம் வாங்கிவரச் சொல்லிச்சு என்றாள் அந்தப் பெண். அவ்வளவுதான் பேசினாள். பாட்டி அனுப்பினாள் என்ற அந்த ஒரு சொல்லுக்காக ஒடுகத்தூர் அக்கா ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதாள். இப்போது அந்தப் பெண் நர்ஸ். தாயும் மகளும் ஒரே வீட்டில் இல்லை, ஆனால் வந்து போகிறாள். புது மாடல் ஷூவின் முதல் ஜோடியைத் தைக்கும் சாம்பிள் பிரிவில் இன்று ஒடுகத்தூர் அக்காதான் மூத்தவள். அவள் தைத்த ஜோடியைப் பார்த்துத்தான் கடல் கடந்து ஆர்டர் வருகிறது.

சூப்பர்வைசர் அக்கா போன வருடம் ஓய்வு பெற்றார். அவர் இருந்த இடத்துக்கு என்னைப் போட்டார்கள். இந்த வருடத் தொடக்கத்தில் குடியாத்தத்தில் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கணவர் காலமாகிவிட்டார், பெண்கள் வேலைக்குப் போகிறார்கள். வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே லைனைப் பற்றிக் கேட்டார். பேச்சுக்கு நடுவில், பேக்கிங் பிரிவில் ஆள் தேவையா என்றார். யாருக்கு என்று கேட்டேன். நறுக்குவதை நிறுத்தவில்லை. தன் தம்பியைக் கொன்றவன் அடுத்த மாதம் வெளியே வருகிறான் என்றார்.

அவனுடைய தாய் மார்க்கெட்டில் அக்காவைப் பார்த்து எதிரில் வந்து நின்றிருக்கிறாள். எதுவும் கேட்கவில்லை, வருகிறான் என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். பயந்துபோய், அக்காவை எச்சரிப்பதுபோலச் சொல்லியிருக்கிறாள். அக்கா ஒரு வாரம் தூங்காமல் யோசித்துவிட்டு இந்த முடிவுக்கு வந்திருக்கிறார். மன்னித்துவிட்டீர்களா என்று கேட்டேன்.

“இல்ல” என்றார். “அவன் மூஞ்சிய நான் பாக்க மாட்டேன். என் பேரையும் அவன்கிட்ட சொல்லக் கூடாது. வேலை மட்டும் இருக்கணும். நேரத்துக்கு வரலன்னா, குடிச்சிட்டு வந்தா, மத்தவங்களுக்கு இன்னா செய்வியோ அத அவனுக்கும் செய். ஜாஸ்தியும் வேணாம், கம்மியும் வேணாம்.”

மேலாளரிடம் நானே போய்ப் பேசினேன். இப்போது வேறு மேலாளர், வயதில் சின்னவர். எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். இரண்டு முறை உள்ளே போனவனுக்கா என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஏதாவது நடந்தால் யார் பொறுப்பு என்றார். நான் என்றேன். சொன்னபிறகுதான் பயம் வந்தது. என் வீட்டிலும் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். இருபது வருடம் மெஷின் முன்னால் உட்கார்ந்து தேய்ந்த ஒரு பெண், எந்தத் தைரியத்தில் அன்று நின்றபடியே எழுதிக் கொடுத்தார் என்பது அப்போதுதான் முழுதாகத் தெரிந்தது. தைரியம் என்றுகூட அதைச் சொல்லத் தோன்றவில்லை. பயந்துகொண்டேதான் அவரும் எழுதியிருப்பார்.

அவன் ஒரு திங்கட்கிழமை வந்தான். நரைத்த தலை, குனிந்த தோள், இஸ்திரி போட்ட பழைய சட்டை. பேக்கிங் மேஜையைக் காட்டினேன். பெட்டியில் தாளை எப்படி விரிக்க வேண்டும், ஜோடியை எப்படித் திருப்பி வைக்க வேண்டும் என்று அங்கிருந்தவர் சொல்ல, தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். அவன் தப்பு செய்ய மாட்டான் என்று நான் யாருக்கும் சத்தியம் செய்யவில்லை. எனக்கே அது தெரியாது. அன்று சாயந்திரம்வரை இருபது தடவையாவது அந்தப் பக்கம் போய்ப் பார்த்திருப்பேன்.

டீ இடைவேளையில் போன் வந்தது. அக்கா.

“வந்தானா?”

“வந்துட்டாருக்கா.”

“நேரத்துக்கா?”

“எட்டு மணிக்கு முன்னாடியே கேட்ல நின்னாரு.”

போன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அந்தப் பக்கம் மூச்சு விடுவது கேட்டது. பிறகு, சாப்பாடு கொண்டுவந்திருக்கிறானா பார், இல்லாவிட்டால் கேன்டீனில் டோக்கன் வாங்கிக் கொடு என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.